பின்சந்து இல்லாத வீட்டு வரலாறு

பெங்களூருவின் மல்லேஸ்வரத்திலோ பசவனகுடியிலோ ஒரு பழைய வீடு இடிக்கப்படும்போதெல்லாம் சமூக ஊடகங்களில் இரங்கற்குறிப்புகள் பெருகுகின்றன. சாளரத்தின் மேல் கூம்பி நிற்கும் ‘மங்கி டாப்’ மரவேலைப்பாடு, செங்காவித் தரை, ஓட்டுக் கூரை, முன்தோட்டத்து மாமரம் ஆகியவையே அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. இழப்பு உண்மையானதுதான். எனினும், இந்த நினைவுகளில் வீடு எப்போதும் முன்தெருவிலிருந்து மட்டுமே பார்க்கப்படுகிறது. அதற்கொரு பின்பக்கம் இருந்தது. அங்கும் ஒரு பாதை இருந்தது.

1898இல் பெங்களூருவில் பிளேக் பரவியது. நெரிசல் மிகுந்த பேட்டைப் பகுதி கடுமையாகப் பாதிக்கப்பட்டது. காற்றும் வெளிச்சமும் புகும் நேர்த்தெருக்கள், வீட்டைச் சுற்றித் திறந்தவெளி, முறையான வடிகால் என்ற சுகாதாரச் சிந்தனையோடு மைசூர் அரசு இவ்விரு புறநகர்களையும் உருவாக்கியது. மனைகள் சாதி, மத அடிப்படையில் தொகுதிகளாக ஒதுக்கப்பட்டதை நகர வரலாற்றாய்வுகள் பதிவுசெய்துள்ளன. ஆகவே, நோயைத் தடுக்கப் போடப்பட்ட வரைபடமே யார் யாருக்கு அண்டை வீட்டார் என்பதையும் தீர்மானித்தது.

அந்த வரைபடத்தின் மிகத் தெளிவான கோடு, இரு வீட்டு வரிசைகளின் முதுகுப்புறங்களுக்கிடையே ஓடும் ‘கன்சர்வென்சி’ சந்து. பாதாளச் சாக்கடை வருவதற்கு முன், உலர்கழிப்பறை தோட்டத்தின் கடைக்கோடியில் இருந்தது. மலம் அள்ளும் தொழிலாளர் முன்தெருவில் தென்படாமல் வந்து செல்வதற்கென்றே இச்சந்து அமைக்கப்பட்டது. முன்வாசலின் தூய்மையைப் பின்சந்தின் உழைப்பு தாங்கி நின்றது. அவ்வுழைப்பு பெரும்பாலும் தலித் மக்கள்மீது சுமத்தப்பட்டிருந்தது. தீண்டாமை இங்கு வழக்கமாக மட்டும் இருக்கவில்லை. அளந்து, எல்லைக்கல் நட்டு, நகரமைப்பாகவே நிலைநிறுத்தப்பட்டது.

‘அது முடிந்துபோன கதை’ எனலாம். 1970களில் தேவராஜ் அர்ஸ் அமைச்சரவையில் இருந்த பி. பசவலிங்கப்பா தலையில் மலம் சுமக்கும் வழக்கத்திற்குத் தடை விதித்தார். 1993இலும் 2013இலும் நாடாளுமன்றம் சட்டங்கள் இயற்றியது. ஆயினும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் சாக்கடைகளிலும் மனிதர்கள் இறங்கி மாள்வது நிற்கவில்லை. பழைய வீடு இருந்த இடத்தில் எழும் அடுக்ககத்திலும், வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தனி மின்தூக்கி ஒதுக்கும் வழக்கத்தைக் காணலாம். கிடைமட்டத்தில் ஓடிய சந்து இன்று செங்குத்தாக நிற்கிறது. வீட்டின் வடிவம் மாறியிருக்கிறது. அதனை ஒழுங்குபடுத்திய விதி மாறவில்லை.

இதனால் பழைய வீடுகளைக் காக்க வேண்டியதில்லை என்றாகிவிடாது. காக்கத்தான் வேண்டும்; ஆனால் எதைக் காக்கிறோம் என்ற தெளிவோடு காக்க வேண்டும். மரபுக் கட்டடப் பதிவுகள் முகப்பையே அலகாகக் கொள்ளும் வரை, வரலாறு வீட்டு உரிமையாளரின் குடும்ப வரலாறாகவே எஞ்சும். மல்லேஸ்வரத்தில் சில சந்துகள் தூய்மை செய்யப்பட்டுச் சுவரோவியங்களுடன் நடைபாதைகளாகியுள்ளன. வரவேற்கத்தக்க முயற்சிதான். ஆனால் அச்சந்து எதற்காக வெட்டப்பட்டது என்று சொல்லாத ஓவியம், சுவரோடு சேர்த்து வரலாற்றையும் பூசி மறைத்துவிடும்.

கட்டடக்கலை மாணவர்கள் ஒரு வீட்டை அளந்து வரையும்போது பின்சுவரோடு அளவுநாடாவைச் சுருட்டிவிடக் கூடாது. இரு வீட்டு வரிசைகளும் இடையிலுள்ள சந்தும் சேர்ந்ததே ஆய்வின் அலகாக வேண்டும். வீட்டில் வளர்ந்தவர்களின் நினைவுகளோடு, அச்சந்தில் உழைத்த குடும்பங்களின் வாய்மொழி வரலாறும் அதே கோப்பில் இடம்பெற வேண்டும். மாமரத்தின் நிழலை நினைவில் வைத்திருப்போர் பலர் உள்ளனர். அதே தோட்டத்தின் கடைக்கோடிக் கதவை வெளியிலிருந்து மட்டுமே அறிந்தவர்களின் நினைவைப் பதிவுசெய்யாமல் அந்த வீட்டின் வரைபடம் முழுமை பெறாது.