கதிர் பட்ட தோலில் காயம்



அம்மம்மாவுக்கோ மாமாவுக்கோ புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை நடந்தால், ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பது அநேகமாக நீங்கள்தான். அதனால் இந்த முறை தாதிமார் நாங்கள் பெரியவர்களை விட்டுவிட்டு உங்களோடு பேசுகிறோம்.

கதிர் பட்ட இடத்தில் புண் ஆற ஏன் சுணங்குகிறது? புற்றை அழிக்கும் கதிர், அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களையும் புதுத் தசை வளர்க்கும் உயிரணுக்களையும் சேர்த்தே தாக்குகிறது. இரத்தம் குறைந்தால் ஒட்சிசனும் குறையும். 1901இல் பியர் கியூரி தன் கையிலேயே ரேடியத்தை 10 மணி நேரம் வைத்துப் பார்த்தார். 42ஆம் நாளில்தான் ஓரத்தில் தோல் வளரத் தொடங்கியது. 52ஆம் நாளிலும் புண் முழுதாக ஆறவில்லை. இன்றைய சிகிச்சை அளந்து, பிரித்துக் கொடுக்கப்படுவதால் அவ்வளவு மோசமில்லை.

சிகிச்சை தொடங்கி 2, 3 வாரத்தில் தோல் சிவக்கும், அரிக்கும். முடிந்த பிறகும் ஓரிரு வாரம் கூடலாம். வீட்டில் எல்லோரும் பயப்படுவது அப்போதுதான். இளஞ்சூட்டுத் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். தளர்ந்த பருத்திச் சட்டை நல்லது. ஒட்டும் பிளாஸ்டர், சூட்டு ஒத்தடம், ஐஸ், வெயில் எதுவும் வேண்டாம். மஞ்சள் அரைத்துப் பூசுவது அன்பால்தான், தெரியும். ஆனாலும் கேட்காமல் எதையும் பூச விடாதீர்கள்.

சாப்பாட்டில்தான் எங்களுக்கும் வீட்டுக்கும் சண்டை. "முட்டை கிரந்தி, மீன் கிரந்தி" என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் கஞ்சி கொடுப்பார்கள். புதுத் தசை புரதத்தால்தான் வளரும். வைத்தியர் தடுக்காவிட்டால் முட்டை, மீன், பருப்பு, தயிர் கொடுங்கள். நீரிழிவு இருந்தால் சீனியின் அளவைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும். புகைத்தால் குழாய்கள் இன்னும் சுருங்கும்.

தாடையில் கதிர் பட்டவர்களுக்கு ஆபத்து வருடங்கள் கழித்தும் உண்டு. ஒரு பல்லைப் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே இறந்துபோகலாம். சிகிச்சைக்கு முன்பே பல் வைத்தியரைப் பார்ப்பது அதற்காகத்தான். வெற்றிலை போடும் நம் பெரியவர்களுக்கு வாய்ப் புற்று வருவது புதிதல்ல. பத்து வருடம் கழித்துப் போனாலும் பல் வைத்தியரிடம் பழைய சிகிச்சையைச் சொல்லுங்கள். ஆறாத புண்ணுக்குக் கதிர் படாத இடத்துத் தசையை அதன் இரத்தக் குழாயோடு எடுத்து வைத்துத் தைப்பதுண்டு. அழுத்த அறையில் ஒட்சிசன் கொடுப்பதும் உண்டு. எல்லோருக்கும் அது பலிப்பதில்லை.

இன்னொன்று. மார்புக்குக் கீழே தோல் உரிந்திருப்பதைப் பேரனை வைத்துக்கொண்டு எந்த அம்மம்மா சொல்வார்? "ஒண்டுமில்லை" என்றுதான் சொல்வார். அந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் வெளியே நில்லுங்கள். பெண் தாதியையும் ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள். காய்ச்சல், சீழ், கெட்ட வாடை, பரவும் சிவப்பு இருந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அன்றே தொலைபேசி எடுங்கள்.