எங்கள் பொதிகள் எந்த வழியால் போகின்றன?

கொழும்பில் எங்கள் இணையக் கொம்பனியின் வலையமைப்புப் பிரிவில் இருப்பவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையிலிருந்து, மாதக் கட்டணத்தில் பாக்கி வைக்காத வாடிக்கையாளன் எழுதுகிறேன். சிக்னல் இல்லை என்ற முறைப்பாடு அல்ல இது. அதை உங்கள் தொலைபேசிப் பிள்ளைகளிடம் சொல்லிச் சலித்தாயிற்று. ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள், போடுவோம். என் மனக்குறை வேறு. சிக்னல் கோடுகள் நிறைந்து நிற்கும் இரவுகளிலும் லண்டனில் இருக்கும் மகனோடு ஒரு தாயால் பேசி முடிக்க இயலவில்லை. முகம் உறைகிறது, குரல் துண்டுதுண்டாக விழுகிறது.

முறையிட்டால் ஸ்பீட் டெஸ்ட் எடுத்து அனுப்பச் சொல்கிறீர்கள். எடுத்தால் நன்றாகத்தான் காட்டும். அந்தச் சோதனை தானாகத் தெரிவு செய்வது கிட்ட இருக்கும் வழங்கியை. அது பெரும்பாலும் கொழும்பில், உங்கள் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். கொழும்பு வரை சுகம் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான்.

சிக்கல் அதற்கு அப்பால். இலங்கைக்கு வரும் கடலடிக் கேபிள்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை என்று மேற்கிலும் தெற்கிலும் கரையேறுகின்றன. வங்கக் கடலைப் பார்த்தபடி இருக்கும் நாங்கள் சென்னைக்கு ஒரு தரவுப் பொதி அனுப்பினாலும் அது முதலில் தீவைக் குறுக்கறுத்துக் கொழும்புக்குப் போகவேண்டும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கொழும்பையும் சென்னையையும் தொட்டுச் செல்லும் சீ-மீ-வீ 4 கேபிள் 2005இலிருந்து இருக்கிறது. இருந்தும் சில இரவுகளில், பொதி போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் போட்டுப் பார்த்தால் என் பொதி சிங்கப்பூர் போய்த்தான் சென்னைக்குத் திரும்புகிறது! ஒளியிழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கூடுதலாகச் சுற்றும் ஒவ்வொரு 1,000 கிலோமீற்றருக்கும் போய்வர 10 மில்லிவிநாடி வீண். மட்டக்களப்பிலிருந்து சென்னை, காகம் பறக்கும் வழியில் சுமார் 600 கிலோமீற்றர். சிங்கப்பூரைச் சுற்றினால் 5,000ஐத் தாண்டும்.

இணையத்தில் வழி தெரிவு செய்யும் பிஜிபி நெறிமுறை தாமதத்தைப் பார்ப்பதில்லை, தொலையும் பொதியையும் பார்ப்பதில்லை. இடையில் எத்தனை வலையமைப்புகள், யாரோடு என்ன ஒப்பந்தம் என்பதே அதன் கணக்கு. மலிவான வழி முந்திவிடும்.

நாங்கள் வாவிக்காரர். 2014இல் மண்முனைப் பாலம் திறக்குமுன், துறையில் பாதைப் படகுக்குக் கூட்டம் நின்றால் கொக்கட்டிச்சோலைக்காரன் வவுணதீவுப் பக்கம் திரும்பி வலையிறவுப் பாலத்தால் பட்டணம் போவான். அவனுக்காக யாரும் புதுத் தெரு போடவில்லை. இருக்கிற தெருக்களில் எதால் போவது என்ற முடிவு மட்டும் அவனுடையது. இணையத்தில் மேலடுக்கு வலையமைப்பு எனப்படுவதும் இதுதான். 2001இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நால்வர் இதைச் செய்துகாட்டினார்கள். அவர்களில் ஒருவரான ஹரி பாலகிருஷ்ணன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். பல இடங்களில் வைத்த கணினிகள் ஒன்றுக்கொன்று வழியை இடைவிடாமல் அளந்தன. நேர்வழி கெட்டால் வேறொரு கணினி வழியாகப் பொதியைத் திருப்பின. பிஜிபிக்கு நிமிடக்கணக்கில் ஆகும் வேலை சராசரியாக 20 விநாடிக்குள் முடிந்தது. இடையில் ஒரே ஒரு தங்கல் பெரும்பாலும் போதுமாக இருந்தது. இன்று அகமாய், கிளவுட்ஃபிளேர் போன்றவை இதைக் காசுக்கு விற்கின்றன.

எங்கள் ஊர்ப் பெடியள் சிலர் சேர்ந்து மும்பையிலும் சிங்கப்பூரிலும் வாடகை வழங்கி எடுத்தார்கள். வயர்கார்ட் என்ற வீபிஎன் சுரங்கம் போட்டு, எந்தப் பக்கம் பொதி குறைவாகத் தொலைகிறதோ அந்தப் பக்கம் திருப்பும் சிறு நிரலும் எழுதினார்கள். கோல் தெளிந்தது. எல்லா இரவும் அல்ல. கோபுரத்தில் நெரிசல் என்றால், மின்வெட்டில் கோபுரமே அணைந்தால், எந்த மேலடுக்கும் உதவாது. வீட்டுக்கும் கோபுரத்துக்கும் நடுவே மாற்றுவழி ஏது? மற்ற இரவுகளில் தெளிந்தது, அதுவும் உங்கள் கோபுரத்தாலும் நீங்கள் பாவிக்கும் அதே கேபிள்களாலும்தான்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில். வட்ஸ்அப்புக்கு ஒன்று, யூடியூப்புக்கு ஒன்று என்று நீங்கள் விற்கும் பக்கேஜ் சுரங்கத்துக்குள் போகும் பொதியை அடையாளம் காணாது. பேசுவது வட்ஸ்அப்பில், அதற்குக் காசும் கட்டியாயிற்று. கழிவது பொது டேட்டா. நீங்கள் தராத வழியை நாங்களே தேடிக்கொண்டால் அதற்கும் எங்களிடமே அறவிடுகிறீர்கள். வழங்கி வாடகை டொலரில் வேறு. (2018, 2019, 2022இல் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது வீபிஎன் என்றால் என்னவென்று எங்கள் அம்மம்மாமாரும் படித்துக்கொண்டார்கள். அப்போதும் இதே கழிவுதான்.) 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் வந்துவிட்டதே என்று சொல்லிவிடாதீர்கள். வயல் செய்பவன் கூரைக்கு அந்தத் தட்டு எட்டாது.

புதுக் கேபிள் கேட்கவில்லை. உங்களிடம் வெளிவாசல் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. மாலை ஏழிலிருந்து பதினொன்று வரை ஒவ்வொன்றின் தாமதத்தையும் பொதியிழப்பையும் அளந்து, நல்ல வாசலுக்கு எங்களைத் திருப்புங்கள். அதைச் செய்யும்வரை சுரங்கப் பொதியையும் பக்கேஜில் சேருங்கள். அளந்த எண்களை மாவட்டவாரியாக மாதந்தோறும் தமிழிலும் வெளியிடுங்கள். இந்த மடலுக்கு முறைப்பாட்டு எண் ஒன்றைப் பதிலாக அனுப்பவேண்டாம்; அவை எங்களிடம் நிறைய இருக்கின்றன.

இப்படிக்கு,
படுவான்கரை வாடிக்கையாளன் ஒருவன்