நூறு கிராம் கொட்டையை வறுக்க லட்ச ரூபாய் மெஷினா? டெல்டா காபிக் கடைகளுக்கு சாம்பிள் ரோஸ்டர் எதற்கு?

பட்டுக்கோட்டையில் காபித்தூள் கடைக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. டிரம் சுற்ற ஆரம்பித்துவிட்டால் வாசனையே கூட்டிக்கொண்டு போய்விடும். கடைக்குள் போனால் பலகையில் பீபெரி, பிளான்டேஷன் ஏ, ரொபஸ்டா, சிக்கரி என்று எழுதியிருக்கும். பக்கத்தில் அன்றைய விலை. வாடிக்கையாளர் '70-க்கு 30' என்றோ, 'சிக்கரி வேண்டாம், பீபெரியே அரைச்சுக் கொடுங்க' என்றோ சொல்வார். வியாபாரம் முடிந்தது.

இதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. பலகையில் இருக்கும் எந்தப் பெயரும் சுவையின் பெயர் கிடையாது. 'பிளான்டேஷன்' என்றால் பழத்தோலை உரித்து, கழுவிக் காயவைத்த அராபிகா. 'ஏ' என்பது 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் கொட்டை. 'ஏஏ' என்றால் 7.10 மில்லிமீட்டர். பீபெரி என்பது ஒரு பழத்தில் வழக்கமான இரண்டு கொட்டைக்குப் பதிலாக ஒன்றே உருண்டையாக விளைந்தது. ஆக, கடைக்காரர் தோட்டத்திலிருந்தோ வியாபாரியிடமிருந்தோ வாங்குவது ஒரு சைஸை. அந்த மூட்டைக்குள் என்ன ருசி இருக்கிறது என்பது வறுத்துக் குடித்தால்தான் தெரியும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

இந்த இடத்தில்தான் சாம்பிள் ரோஸ்டர் வருகிறது. 50 முதல் 200 கிராம் வரை மட்டுமே வறுக்கும் சின்ன மெஷின். தரமான வெளிநாட்டுத் தயாரிப்பு என்றால், கப்பல் செலவு, சுங்கவரி, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து சில லட்சங்கள் ஆகும். 'நூறு கிராம் வறுக்க இவ்வளவா? வாணலி போதாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

வாணலி ஏன் போதாது?

வாணலியில் வறுத்தால் கொட்டையின் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வெளுத்திருக்கும். அதைவிடப் பெரிய பிரச்னை, நேற்று வறுத்தது மாதிரி இன்று வறுக்க முடியாது. இரண்டு சாம்பிளை ஒப்பிடும்போது சுவை வேறுபட்டால், அது கொட்டையின் வேறுபாடா அடுப்பின் வேறுபாடா என்று பிரிக்கவே முடியாது.

சரி, கடையில் இருக்கும் பெரிய டிரம்மில் போட்டுவிடலாமா? பத்து கிலோ டிரம்மில் நூறு கிராமைப் போட்டால் கொட்டை சிதறி சூடான இரும்பில் ஒட்டி வேகும். உள்ளே இருக்கும் வெப்பமானி கொட்டையைத் தொடவே தொடாது. காட்டுவது வெறும் காற்றின் சூட்டை. தோட்டக்காரர் அனுப்புவதோ கால் கிலோ, அரை கிலோ சாம்பிள்தான். பத்து கிலோ சாம்பிள் கொடுங்கள் என்று யாரிடமும் கேட்க முடியாது.

சாம்பிள் ரோஸ்டர் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. எல்லாக் கொட்டைக்கும் ஒரே மாதிரி சூடு கொடுப்பது. சிறப்புக் காபி உலகில் நீண்ட காலம் பின்பற்றப்பட்ட முறை இது: 8 முதல் 12 நிமிடத்துக்குள் இளம் வறுவலாக வறுக்க வேண்டும், குறைந்தது 8 மணி நேரம் ஆறவிட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் சுவைத்துவிட வேண்டும். பச்சை நிறம் மஞ்சளாகி, பழுப்பாகி, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸை ஒட்டி கொட்டை 'பட்'டென்று வெடிக்கும். சோளப்பொரி மாதிரி, ஆனால் சன்னமான சத்தம். அந்த வெடிப்பு எத்தனையாவது நிமிடத்தில் வந்தது, அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் விட்டோம் என்பதுதான் குறித்துவைக்க வேண்டிய கணக்கு.

அப்புறம் கப்பிங். ஒரு சாம்பிளுக்கு ஐந்து கோப்பை. ஒவ்வொன்றிலும் 8.25 கிராம் தூள், 150 மில்லி வெந்நீர். ஏன் ஐந்து? அழுகிப் புளித்த கொட்டை மூட்டை முழுக்கப் பரவியிருக்காது, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். ஒவ்வொரு கோப்பைக்கும் தனித்தனியாக அரைத்தால்தான், நாலு கோப்பை நன்றாக இருந்து ஐந்தாவது மட்டும் நாறும்போது பிடிபடும். மொத்தமாக அரைத்துப் பங்கிட்டால் அந்த ஒரு கெட்ட கொட்டை ஐந்திலும் கரைந்துபோகும். அதேபோல, பழுக்காத பழத்திலிருந்து வந்த கொட்டை பச்சையாக இருக்கும்போது கண்ணுக்கு லேசில் தெரியாது. வறுத்த பிறகு மற்றவை பழுப்பாக இருக்க, அது மட்டும் வெளிறிப்போய் நிற்கும். அதன் ருசி வேர்க்கடலைத் தோல் மாதிரி. ஆனால் வறுவலை இன்னும் கறுக்கவிட்டால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

மறைக்கத்தான் இங்கே வழி நிறைய இருக்கிறதே! கறுப்பு வறுவல் மறைக்கும். சிக்கரி மறைக்கும். பாலும் சர்க்கரையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சிக்கரி ஒன்றும் விஷமில்லை. அது ஒரு கிழங்கு வேர், காஃபின் கிடையாது, டிகாக்‌ஷனுக்குக் கெட்டித்தன்மை கொடுக்கும். பலருக்கு அந்த ருசிதான் காபி. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி காபி-சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவிகிதம் இருக்க வேண்டும், விகிதத்தை பாக்கெட்டில் போட வேண்டும். ஆனால் அந்த 51 சதவிகிதம் எப்படிப்பட்ட காபி என்பதற்கு பாக்கெட்டில் இடமில்லை. அதைக் கடைக்காரர்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

'எங்க தாத்தா காலத்துலேர்ந்து நாக்குதான் லேப்'

இப்படிச் சொல்பவர்கள் தஞ்சை, கும்பகோணம் பக்கம் ஏராளம். அதில் பொய்யும் இல்லை. டிகாக்‌ஷனை ஒரு சொட்டு வாயில் விட்டு 'இது போன வாரத்து வறுவல்' என்று சொல்லிவிடும் நாக்குகள் இந்தப் பக்கத்தில் உண்டு. ஆனால் நாக்கு எவ்வளவு கெட்டிக்கார நாக்காக இருந்தாலும், கையில் கொடுக்கப்படும் கோப்பைகள் ஒரே அளவில் வறுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வறுவலைத்தான் ருசி பார்க்கும், கொட்டையை அல்ல.

இன்னொரு சமாதானமும் சொல்வார்கள்: 'இவ்வளவு நாளா ஓடுச்சே?' ஓடியது உண்மை. அப்போது கொட்டை மலிவு. இப்போது அப்படி இல்லை. பிரேசில், வியட்நாமில் விளைச்சல் அடிபட்டதில், 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. லண்டன் சந்தையில் ரொபஸ்டா டன்னுக்கு 5,000 டாலருக்கு மேல் போனது. இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது, அதனால் அந்த விலையேற்றம் அப்படியே உள்ளூர் மூட்டைக்கும் வந்து சேர்ந்தது.

ஒரு கணக்குக்காக கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டை 25,000 ரூபாய். இருபது மூட்டை எடுத்தால் 5 லட்சம். அந்த ஆயிரம் கிலோவில் ஈரப்பதம் 2 சதவிகிதம் கூடுதலாக இருந்தாலே 20 கிலோ தண்ணீருக்கு 10,000 ரூபாய் கொடுத்ததாக ஆகிறது. இது வறுப்பதற்கு முன்னாலேயே போன காசு. மூட்டையில் பூஞ்சை வாடையோ புளித்த வாடையோ இருந்தால் மொத்தமும் ரொபஸ்டாவோடும் சிக்கரியோடும் கலந்து தள்ளப்பட வேண்டியதுதான்.

ஈரப்பதம் என்றதும் டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவிகிதம் என்ற ஒற்றை எண்ணுக்காக வருஷா வருஷம் நடக்கும் போராட்டம் ஊரறிந்தது. தளர்த்தக் கேட்டு மாநில அரசு கடிதம் எழுதும், மத்தியக் குழு வந்து நெல்லை அள்ளிப் பார்க்கும். நெல் சாலையோரத்தில் கிடக்கும். மீட்டர் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் விலை. காபியிலும் அதேதான், ஆனால் இங்கே மீட்டர் இல்லாமல் நிற்பது வாங்குகிறவர். பச்சைக் கொட்டைக்கு 10 முதல் 12 சதவிகித ஈரம் சரியான அளவு. மலையில் சரியாகக் காய்ந்து வந்த கொட்டைகூட, ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோர ஊரின் குடோனில் சணல் சாக்கில் கிடந்தால் ஈரத்தை இழுத்து, வெளுத்து, ருசி இறங்கும். (மேற்குக் கரையில் மழைக்காலக் காற்றை வேண்டுமென்றே வாங்கவிட்டு 'மான்சூன்ட் மலபார்' என்று விற்கிறார்களே என்று கேட்கலாம். அது வாரக்கணக்கில் பரப்பி, கிளறி, கண்காணித்துச் செய்யும் வேலை. குடோனில் மறந்துபோன மூட்டை அல்ல.)

ஆகவே முதலில் வாங்க வேண்டியது சாம்பிள் ரோஸ்டரே இல்லை. ஈரப்பத மீட்டர், சல்லடை, அரை கிராமுக்கும் கீழே காட்டும் தராசு, ஒரே சீராக அரைக்கும் சின்ன கிரைண்டர். இவை இல்லாமல் ரோஸ்டரை மட்டும் வாங்கி வைத்தால் அது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் அலங்காரப் பொருள்தான். இப்போது பல நகரக் காபி ஷாப்புகளில் அது அப்படித்தான் நிற்கிறது.

எந்த மெஷின்?

பழைய மரபு டிரம். 1868-ல் தொடங்கிய ஜெர்மனியின் புரோபாட் நிறுவனத்தின் வரிசையாக நிற்கும் சின்ன டிரம்கள் உலகம் முழுக்கச் சுவை அறைகளில் பழகியவை. பக்கத்துப் பக்கத்தில் பல சாம்பிளை வறுக்கலாம், ஆனால் வறுப்பவருக்குக் கை பழக வேண்டும். புதியவை மின்சாரத்தில் ஓடுபவை. லண்டனின் இகாவா, நார்வேயின் ரோஸ்ட் போன்றவற்றில் ஒருமுறை பதிந்த சூட்டுக் கணக்கை மெஷினே திரும்பத் திரும்பச் செய்யும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதுதான் லாபம், ஏனென்றால் கைப்பழக்கத்தின் தவறு குறையும். உள்நாட்டுத் தயாரிப்புகள் விலை குறைவு. அவற்றை வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காமல் ஒரே கொட்டையை அடுத்தடுத்து ஐந்து முறை வறுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். ஐந்தும் நிறத்திலும் எடையிலும் ஒத்துப்போனால் போதும். நூறு கிராம் 85 கிராமை ஒட்டி இறங்குகிறது என்றால் ஐந்து முறையும் அங்கேதான் நிற்க வேண்டும்.

மின்சாரமா, கேஸா என்பதும் இந்த ஊரில் சின்னக் கேள்வி இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை வட்டாரம் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. தினசரிப் பிரச்னை அதுவல்ல, வோல்டேஜ். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் சூடும் ஏறி இறங்கும். ஸ்டெபிலைசரையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழுது பார்க்க ஆள் எங்கிருந்து வருவார், உதிரி பாகம் எத்தனை நாளில் வரும் என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

ஒரு கடைக்கு ஒன்றா, ஊருக்கு ஒன்றா?

மாதம் இரண்டு, மூன்று முறை கொட்டை எடுக்கும் கடைக்கு இந்த மெஷின் தனியாகக் கட்டுப்படியாகாது. இதுதான் நேர்மையான பதில். ஆனால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி என்று கடைகள் சேர்ந்தால் கணக்கு மாறும். அதற்கு இடமும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. தஞ்சாவூரில் மத்திய அரசின் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி வளர்ந்த இடம், ஈர நெல்லோடு மல்லுக்கட்டிய பழக்கம் உள்ள இடம். உணவுப் பரிசோதனைக் கூடமும் தொழில்முனைவோருக்கான பிரிவும் அங்கே உண்டு. ஒரு மேசை, ஒரு சாம்பிள் ரோஸ்டர், பயிற்சி பெற்ற ஒருவர். சாம்பிளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தால் சின்னக் கடைக்காரரும் மூட்டைக்குப் பணம் கட்டும் முன் ரிப்போர்ட்டோடு பேரம் பேசலாம். மலையிலிருந்து வரும் கொட்டைக்குத் தோட்டத்துப் பக்கத்தில் உதவ திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வாங்கும் பக்கத்துக்கு இந்த டெல்டாவில் அப்படி ஒரு மேசை வேண்டும்.

இந்த இடைவெளிக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1942-ன் காபிச் சட்டத்துக்குப் பிறகு, அரை நூற்றாண்டு காலம் விளைச்சல் எல்லாம் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குத்தான் போனது. ருசி பார்த்துத் தரம் பிரிக்கும் வேலையும் வாரியத்துடையதே. 1990-களின் நடுவில் தோட்டக்காரர்களுக்குச் சொந்தமாக விற்கும் சுதந்திரம் கிடைத்தது. வாரியத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவை நடத்திய சுனாலினி மேனன் அந்தக் காலகட்டத்தில்தான் வெளியே வந்து பெங்களூரில் 'காபிலேப்' என்ற தனி ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். தோட்டக்காரர்களும் ஏற்றுமதியாளர்களும் ருசி பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடம் மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கவே இல்லை.

ஒரு திருத்தம் மட்டும் தேவை. வெளிநாட்டு முறையில் கறுப்புக் காபியைக் கரண்டியால் உறிஞ்சி மதிப்பெண் போடுவது குறையைப் பிடிக்க உதவும். ஆனால் பட்டுக்கோட்டைக்காரர் குடிக்கப்போவது பாலில் கலந்த டிகாக்‌ஷன். எலுமிச்சைப் புளிப்பு என்று அங்கே அதிக மதிப்பெண் வாங்கும் கொட்டை, பாலில் விழுந்தால் திரிந்த மாதிரி ருசிக்கலாம். அதனால் இங்கே அமையும் மேசையில் இரண்டாவது சுற்றும் இருக்க வேண்டும்: அதே சாம்பிளைக் கடை வறுவலுக்குக் கொண்டுபோய், பித்தளை ஃபில்டரில் இறக்கி, பால் சேர்த்து. 350 கிராம் சாம்பிள் இருந்தால் நூறு நூறாக மூன்று முறை வறுக்கலாம், இரண்டு சுற்றுக்கும் தாராளம்.

அராபிகா அறுவடை கார்த்திகை வாக்கில் ஆரம்பித்து, தை, மாசியில் ரொபஸ்டாவோடு முடிகிறது. புதுக் கொட்டை சாம்பிள்கள் கடைகளுக்கு வந்து சேர்வது, இங்கே சம்பா அறுத்து ஈரப்பத மீட்டரோடு சண்டை நடக்கும் அதே நாட்களில்.