கோபாலன் பிழை செய்தாரா?

கரிசற்காட்டு ஊராகிய கோவில்பட்டியில் ஹாக்கி மட்டையுடன் செல்லும் சிறுவனை நோக்கி, "இதனால் என்ன கிடைக்கும்? கிரிக்கெட் ஆடலாகாதா?" என்று வினவுவோர் பலர். அவ்வினாவைக் கேட்குந்தோறும் எம். ஜே. கோபாலனை நாம் நினைக்கின்றோம். இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் நெருக்கடி அவருக்கு மெய்யாகவே நேர்ந்தது.

சென்னையில் அவ்விரண்டு ஆட்டங்களிலும் ஒருங்கே சிறந்தவர் கோபாலன். 1934-ஆம் ஆண்டு ஜனவரியிற் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் ஆடிய டெஸ்ட் பந்தயமே அவருக்கு முதலும் முடிவும் ஆயிற்று: 18 ஓட்டங்கள், ஒரு விக்கெட். அவ்வாண்டு நவம்பரிற் சேப்பாக்கத்தில் மைசூரோடு சென்னை பொருதபோது, ரஞ்சிக் கோப்பையின் முதற் பந்தை வீசியவரும் அவரே. அப்பந்தயம் ஒரே நாளில் முடிந்துபோனது வேறு கதை. 1935-இல் இந்திய ஹாக்கி அணியோடு நியூசிலாந்து சென்றார்.

1936-இல் பெர்லின் ஒலிம்பிக் ஒருபுறமும், கிரிக்கெட் அணியின் இங்கிலாந்துப் பயணம் மறுபுறமும் அவரை அழைத்தன. கோபாலன் கிரிக்கெட்டைத் தெரிந்தார். தியான்சந்த் தலைமையில் நம்மவர் ஜெர்மனியை 8-1 என வென்று பொற்பதக்கம் பெற்றனர். இங்கிலாந்திலோ, நிகழ்ந்த மூன்று டெஸ்ட் பந்தயங்களில் ஒன்றிலேனும் கோபாலனுக்கு இடம் கிடைத்திலது.

"பொன்னைக் கைவிட்டாரே!" என்று இரங்குவோர் இன்றும் உளர். நாம் அதற்கு உடன்படோம். விளைவு தோன்றிய பின்னர் விதைத்தவனை நகைத்தல் எளிது. வானம் பார்த்த பூமியிற் பிறந்தோர் அவ்வாறு நகையார். ஆடவல்லானைக் கடல் கடத்திச் சென்று டெஸ்டுகளில் ஆடவிடாது வைத்திருந்தவர்களைக் கேட்கவேண்டிய கேள்வியை அவரிடம் கேட்பது என்ன நியாயம்? அன்றியும், ஒரு டெஸ்டினால் அவர் ஆட்டம் அளவிடப்படுவதன்று. பிற்காலத்திற் சென்னையும் இலங்கையும் பொருத கோப்பை அவர் பெயராலேயே வழங்கிற்று. 2003 வரை வாழ்ந்த அப்பெரியாரை ஒரு பந்தயத்துக்காரர் என்று சுருக்குவது பட்டியலின் குறையேயன்றி அவர் குறையன்று.

அத்தகைய குறை நம் ஆண்டு மலரிலும் உண்டு. 2022-இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைப் பந்தயத்தில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் ஆடினார். அவர் பெயர் நாடறியும். ஆயின் மழையில் ஒட்டியும் கோடையில் வெடித்தும் கிடக்கும் கரிசல் மண்ணிற் பழகி, நம் கல்லூரிக்காக ஓரிரு பந்தயங்கள் ஆடிவிட்டு, தீப்பெட்டி ஆபீசுக்கோ ஆசிரியப் பணிக்கோ செல்வோரை யார் அறிவார்? கோப்பை வென்ற ஆண்டில் அணியின் படம் வெளிவருகின்றது. தோற்ற ஆண்டிற் பெயரும் இல்லை. கல்லூரிச் சட்டையணிந்து ஒரு பந்தயம் ஆடினும், அவன் பெயர் இம்மலரில் அச்சேற வேண்டும் என்பதே நம் கோரிக்கை. பதினோராம் மணி வேளையில் திராட்சத்தோட்டம் புகுந்தவனும் முழுக்கூலி பெற்ற கதையைச் சிற்றாலயத்திற் கேட்டு வளரும் நமக்கு இது புதுமையாகாது.

இடமில்லை என்பர். விழாத் தலைவர்களின் படங்களுக்கு முழுப்பக்கங்கள் கிடைக்கின்றனவன்றோ! பெயர்ப் பதிவேடு உடற்பயிற்சித் துறையில் இருக்கின்றது. அதனைப் படியெடுத்துத் தர நாம் ஆயத்தமாயுள்ளோம்.