பின்களம் காப்பவளுக்கு வாழ்வளிப்பவர் யார்?

தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி மாணவியர் அகில இலங்கைப் பாடசாலை உதைபந்தாட்டப் போட்டிகளில் வெற்றியீட்டித் திரும்பும்போதெல்லாம் யாழ்ப்பாணம் பெருமை கொள்கின்றது. மாலைகள் சூட்டப்படுகின்றன; பாராட்டுரைகள் நிகழ்கின்றன; பத்திரிகைகளிற் படங்கள் வெளியாகின்றன. ஆயின், உயர்தரப் பரீட்சை முடிந்து பாடசாலை வாயிலைக் கடந்த பின்னர் அப்பெண் எங்கே விளையாடுவாள், எதனை உண்டு விளையாடுவாள் என்ற கேள்வியை நம்மவர் எழுப்புவதில்லை. 1910ஆம் ஆண்டிற் பாவலர் துரையப்பாபிள்ளை நிறுவிய அக்கல்லூரி தன் கடமையைச் செய்துவிட்டது. எஞ்சி நிற்பது சமுதாயத்தின் கடமை.

உதைபந்தாட்டத்திற் கோல் அடிப்பவருக்குப் புகழ் விரைவில் வந்துவிடும். பின்களத்தில் நின்று கோலைக் காப்பவரின் திறமையோ காலத்தால் முதிர்வது. எதிரி எத்திசையில் ஓடுவாள், பந்து எங்கே வந்து விழும், முன்னேறுவதா நின்று மறிப்பதா என்பவற்றை ஒரு கணத்தில் உணரும் அறிவு நூற்றுக்கணக்கான ஆட்டங்களாற் கிடைப்பதேயன்றி ஓரிரு பருவங்களிற் கிடைப்பதன்று. வடலி ஓரிரவிற் பனையாவதில்லை. ஆகவே, பத்தொன்பது வயதில் ஆட்டத்தை விட்டு விலகும் பின்கள வீராங்கனை, பயன்தரத் தொடங்கும் வேளையிலேயே தறிக்கப்பட்ட மரத்துக்கு ஒப்பாவாள்.

விலகாதிருந்தால் எவ்வளவு உயரலாம் என்பதற்கு இந்தியாவின் ஆஷாலதா தேவி சான்று. மணிப்பூரின் இம்பாலில் 1993இற் பிறந்த இப்பின்கள வீராங்கனை, 2015இல் மாலைதீவின் நியூ ரேடியன்ற் கழகத்துக்கு ஆடினார். மதுரையின் சேது கழகத்துக்கும் ஆடினார். 2019இல் தெற்காசியக் கிண்ணத்தை வென்ற இந்திய அணிக்கு அவரே தலைவி. அதே ஆண்டில் ஆசியாவின் சிறந்த வீராங்கனை விருதுக்கான இறுதி மூவருள் ஒருவராகவும் அவர் நின்றார். 2022இற் கோகுலம் கேரளா கழகம் அவர் தலைமையில் இந்திய மகளிர் லீக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 2024இல், நூறு சர்வதேச ஆட்டங்கள் ஆடிய முதல் இந்தியப் பெண் என்னும் நிலையை எய்தினார்.

தனியொருத்தியின் மனவுறுதி மட்டும் இதனைச் சாதித்துவிடவில்லை. 2017இல் இந்தியாவில் மகளிர் லீக் தொடங்கிற்று. வீராங்கனையரை அமர்த்தும் கழகங்கள் எழுந்தன. அதற்கு முன்னரே புகையிரதப் பகுதியும் மாநிலப் பொலிஸ் பகுதிகளும் வீராங்கனையருக்கு உத்தியோகம் வழங்கிவந்தன. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை. தமிழ்நாட்டுப் பொலிஸில் உப பரிசோதகர். அவர் அணிவது ஒரு சீருடைதான். எனினும், அது அவருடைய மொழியிலேயே ஆணை பிறப்பிக்கும், அவருடைய மக்களே தெரிந்தெடுத்த மாநில அரசின் சீருடை. இவ்வேறுபாட்டை வாசகர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

இனி நம் நிலையைப் பார்ப்போம். இலங்கையிற் பெண்களுக்கென வேதனம் வழங்கும் தொழில்முறை லீக் அமையவில்லை. பெண்கள் உதைபந்தாட்டத்தில் ஆதிக்கம் செலுத்துபவை தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகளே. ஆட்டத்தோடு மாதச் சம்பளமும் வேண்டுமாயின், அச்சீருடைகளுள் ஒன்றை அணிவதே பெரும்பாலும் வழி. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேறினர். அவர்களுடைய செம்மண் தோட்டங்களைப் படையினர் பல்லாண்டுகள் வைத்திருந்தனர். அக்குடும்பமொன்றிற் பிறந்த பெண்ணிடம், "பந்தாட வேண்டுமா? படையிற் சேர்" என்று கூறுவது எத்தகைய தெரிவு? சேர்கின்றவளை நாம் குறைகூறோம். வயிறு எல்லோர்க்கும் உண்டு. வேறொரு வழியைத் திறந்துவைக்காத நமக்கு அவளைக் குறைகூறும் உரிமையும் இல்லை.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் மாகாணத்துக்கு ஏட்டில் வழங்கிய பொலிஸ் அதிகாரம் நடைமுறைக்கு வந்ததில்லை. 2013இல் நாம் தெரிந்தெடுத்த வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது; அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. கொழும்பிலுள்ள உதைபந்தாட்டச் சம்மேளனமோ 2023 ஜனவரி முதல் ஓகஸ்ற் வரை உலகச் சம்மேளனத்தின் தடைக்கு உள்ளாகிக் கிடந்தது. அதிகாரம் கிட்டுமட்டும் கைகட்டியிருந்தால் இன்னொரு தலைமுறை வீணாகும்.

பெண்ணுக்குப் பந்தாட்டம் தொழிலாகுமா என்று ஐயுறுவார் உளர். 1920 டிசெம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிற் பெண்கள் ஆடிய ஆட்டமொன்றைக் காண ஏறத்தாழ 53,000 மக்கள் கூடினர். அடுத்த ஆண்டிலேயே, இவ்வாட்டம் பெண்களுக்கு ஒவ்வாதெனக் கூறி, ஆங்கிலேய உதைபந்தாட்டச் சங்கம் தன் மைதானங்களை அவர்களுக்கு மூடிற்று. அத்தடை நீங்க ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் சென்றன. இன்றோ அங்கே பெண்கள் இவ்வாட்டத்தாலேயே வாழ்கின்றனர். ஐயம் ஆட்டத்தை அழிக்கவில்லை. அரை நூற்றாண்டை அழித்தது.

நாம் செய்யக்கூடியது யாது? யாழ் மாவட்டத்தில் மாநகரசபை, நகரசபைகள், பிரதேச சபைகள் என 17 உள்ளூராட்சி மன்றங்கள் உள. நியமன அனுமதியை ஒன்றுபட்டுக் கோரிப் பெற்று, ஒவ்வொரு மன்றமும் ஒரு வீராங்கனைக்கு விளையாட்டுப் பயிற்றுநராகவோ எழுதுவினைஞராகவோ வேலை வழங்கட்டும். 17 பேர் சேர்ந்தால் ஓர் அணி. மேலதிக ஆட்டக்காரரும் அதில் அடங்குவர். பகலில் வேலை, மாலையிற் பயிற்சி. விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் போக்குவரத்தையும் உணவையும் பொறுப்பேற்கலாம். வைத்தியர்கள் காயங்களுக்குச் சிகிச்சை அளிக்கலாம். சட்டத்தரணிகள் ஒப்பந்தங்களைச் சீர்பார்க்கலாம். கல்லூரி மண்டபங்களுக்கு வாரி வழங்கும் வெளிநாட்டுப் பழைய மாணவர்கள், அப்பணத்தின் ஒரு சிறு பகுதியை வீராங்கனையரின் சம்பளத்துக்கு ஒதுக்கலாம். துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியுடன் புதுப்பிக்கப்பட்டு 2016இல் திறக்கப்பட்டது. அரங்கு இருக்கின்றது, அதில் ஆட வேண்டியவளுக்கு வாழ்வுதான் இல்லை.

எல்லைகளைக் காப்பது பற்றி நாம் மேடைதோறும் முழங்குகின்றோம். பந்தின் எல்லையைக் காக்கப் பழகிய நம் பெண்ணை, அவள் தன் மண்ணில், தன் மானத்தோடு, முப்பது வயது வரை ஆடவைக்க இயலாத சமுதாயம் வேறெந்த எல்லையைக் காக்கப் போகின்றது? மாலைகள் போதும், சம்பளப் பட்டியலை எழுதுவோம்.