ஒரே தொட்டியில் மூன்று அறை: இறால் ஏன் செத்தது?

கும்பகோணம் பக்கத்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மகளிர் குழுவில் கடன் எடுத்து மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வாங்கியிருக்கிறார். நடுவில் நாலைந்து துளை போட்ட இரண்டு கண்ணாடித் தடுப்பை ஒட்டி, சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று நிறத்தில் செர்ரி இறால் விட்டிருக்கிறார். வடிகட்டி ஒரு ஓரத்தில் மட்டும். அந்த அறையில் குஞ்சு வந்தது. கடைசி அறையிலோ தினமும் ஒன்றிரண்டு செத்தது. சம்பாவுக்கு மருந்தடித்த வாரத்தில் வாய்க்கால் தண்ணீர் எடுத்து ஊற்றியிருக்கிறார். மறுநாள் காலையில் மூன்று அறையும் காலி. "தொட்டியை விற்றுக் கடனை அடைத்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

விற்பதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். இரண்டு சாவுக்கும் காரணம் வேறு வேறு. இரண்டையும் சரிசெய்யலாம்.

முதலில் கடைசி அறை. வெவ்வேறு நிறமானாலும் செர்ரி இறால் எல்லாம் ஒரே இனம். ஒன்றாக விட்டால் கலந்து, சில தலைமுறையில் நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும், விலை போகாது. ஆகவே வாசகி தடுப்பு வைத்தது சரிதான். தண்ணீருக்கு வழி விடாததுதான் தவறு. கடைமடைக்குத் தண்ணீர் போகாத வயல் மாதிரிதான் அந்த அறையும். கழிவும் மிச்சத் தீனியும் அங்கேயே அழுகி அம்மோனியா ஆகும். பிராணவாயுவும் குறையும்.

தொட்டியை இப்படி மாற்றி அமைக்கலாம். மூன்றடி நீளம், ஓரடி அகலத் தொட்டியில் பத்து அங்குலம் தண்ணீர் நின்றால் சுமார் 70 லிட்டர். ஒரு முனையில் நாலு அங்குலம் மோட்டாருக்கு ஒதுக்கி, மீதியை மூன்றாகப் பிரித்தால் அறைக்கு 20 லிட்டர் கிடைக்கும். துளைக் கண்ணாடிக்குப் பதில், தொட்டியின் முழு அகலத்துக்கும் உயரத்துக்கும் ஓரங்குல வடிகட்டி ஸ்பாஞ்சைத் தடுப்பாக நிறுத்தவும். தடுப்பே வடிகட்டியாகவும் வேலை செய்யும். பிறந்த குஞ்சு இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஸ்பாஞ்சின் இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கண்ணுள்ள நைலான் வலை போட்டு, ஓரத்தில் இடுக்கு இல்லாமல் அடைக்கவும். ஒட்டுவதற்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத, மீன் தொட்டிக்கான சிலிகான்தான் வேண்டும்.

மணிக்கு 200 முதல் 300 லிட்டர் இறைக்கும் சின்ன மோட்டார் போதும். அது கடைசி முனையில் தண்ணீரை எடுத்து, குழாய் வழியாக முதல் அறையில் விட வேண்டும். அப்போது தண்ணீர் மூன்று அறையையும் கடந்துதான் திரும்பும். மோட்டார் பக்கம் மட்டம் இறங்கி முதல் அறையில் ஏறினால், ஸ்பாஞ்ச் அடைத்துவிட்டது என்று அர்த்தம். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசவும். குழாய்த் தண்ணீரில் கழுவினால் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர் செத்துப்போகும். ஒரே நாளில் எல்லாத் தடுப்பையும் அலசக் கூடாது.

மின்சாரம் போனால் என்ன செய்வது? 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டா கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கைவசம் இருக்கட்டும். அதைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைத்தால் தண்ணீர் பின்னோக்கி வராது. சித்திரை வெயிலில் இது இன்னும் அவசியம். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். தொட்டியை வெயில் படாத சுவரோரம் வைத்து, மேலே மின்விசிறிக் காற்று படும்படி செய்யவும்.

இனி இரண்டாவது சாவு. ஒரே இரவில் எல்லாம் செத்திருப்பதால் வாய்க்காலில் வந்த பூச்சிமருந்துதான் காரணமாக இருக்க வேண்டும். பூச்சியும் இறாலும் நெருங்கிய உறவு. பூச்சியைக் கொல்லும் மருந்து மிகக் குறைந்த அளவிலேயே இறாலையும் கொல்லும். நெல் வட்டாரத்தில் வாய்க்கால், வடிகால் தண்ணீர் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். மருந்தடித்தவர் குளித்து உடை மாற்றாமல் தொட்டியில் கை வைக்கக் கூடாது. அந்த அறையில் கொசுவர்த்தியும் எறும்புச் சாக்கும் கூடாது. தாமிரமும் இறாலுக்கு விஷம். செப்புக் குடத்துத் தண்ணீரை ஊற்றக் கூடாது. காப்பர் ஆக்சிகுளோரைடு கலக்கிய வாளி தொட்டிப் பக்கமே வரக் கூடாது. பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரைக் காற்று விட்டு இரண்டு நாள் வைத்திருந்து, வாரம் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் போதும்.

மூன்று அறைக்கும் தண்ணீர் ஒன்று என்பதால் ஒன்றில் வந்த நோய் மற்றதற்கும் பரவும். புதிதாக வாங்கிய இறாலை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்கவும்.

பழைய தண்ணீரை முழுக்கக் கொட்டி, ஸ்பாஞ்சைப் புதிதாகப் போட்டு, இறால் இல்லாமலே நாலு முதல் ஆறு வாரம் மோட்டாரை ஓட விடவும். நுண்ணுயிர் வளர, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடவும். பரிசோதனைக் கருவியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு, முதலில் ஓர் அறையில் மட்டும் பத்து இறால் விட்டுப் பார்க்கவும்.

இறால் என்றாலே பக்கத்து வயல்காரர் பயப்படலாம். நாகைக் கரையோர உப்புநீர்ப் பண்ணைகள் நிலத்தைக் கெடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்னது. இது நன்னீரில் வளர்வது. வயலில் உப்பு ஏறாது. ஆனால் வெளிநாட்டு இனம் என்பதால் ஒன்றைக்கூட வாய்க்காலில் விடக் கூடாது.

கடைசியாகக் கடன். தொட்டி மறுபடி நிலைக்க ஆறு வாரம். முட்டை சுமந்து குஞ்சு வர ஒரு மாதம். குஞ்சு விற்கும் அளவுக்கு வளர இன்னும் இரண்டு, மூன்று மாதம். அதுவரை தவணைக்கு இந்தத் தொட்டியை நம்பக் கூடாது. குழுவில் நிலைமையைச் சொல்லி அவகாசம் கேட்கவும். அடுத்த முறை இறால் வாங்குமுன், வளர்ந்ததை எடுத்துக்கொள்ளும் கடைக்காரர் யார் என்று உறுதி செய்துகொள்ளவும். சந்தேகத்துக்கு மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையோ, நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தையோ அணுகலாம்.