கைவிலங்கைக் காப்பென்பதோ?

வீட்டை வலிந்து பற்றியிருந்த அயலான் வெளியேறும்பொழுது விட்டுச்சென்ற கைவிலங்கை, வீட்டுக்குரியவன் எடுத்து, "இஃது என் பாட்டன் அணிந்த காப்பு" என்று போற்றுவானாயின் ஊரார் நகையாரோ? தன்பால் ஈர்ப்புடையோரைக் குற்றவாளிகளாக்கிய சட்டத்தைக் கீழ்த்திசைப் பண்பாட்டின் அரண் என்று முழங்குவோர் செய்வதும் இதுவே. அவ்விலங்கு எந்தப் பட்டறையில் வடிக்கப்பட்டது என்பதை வரலாறு ஐயத்திற்கிடமின்றிக் காட்டுகின்றது.

1885ஆம் ஆண்டில், பெண்களையும் சிறுமியரையும் காப்பதற்கென இலண்டன் நாடாளுமன்றத்தில் ஒரு சட்ட முன்வரைவு வந்தது. ஹென்றி லபூஷேர் என்னும் உறுப்பினர், இரவு நெடுநேரம் கழிந்தபின், அதன் நோக்கத்தோடு தொடர்பில்லாத பிரிவொன்றை அதனுள் சேர்த்தார். ஆடவர் இருவர் தனியிடத்தே புரியும் 'மானக்கேடான செயலுக்கும்' ஈராண்டு வரை சிறை என்றது அப்பிரிவு. மானக்கேடு யாது என்று அது வரையறுக்கவில்லை. மன்றமும் விரிவாக ஆராயவில்லை.

பத்தாண்டுகளில் அதற்கு இரையானவர் ஆஸ்கார் வைல்டு. குழந்தைகளுக்காக 'மகிழ்ச்சியான இளவரசன்' முதலிய கதைகளை 1888இல் வழங்கிய அவ்வெழுத்தாளர், 1895இல் ஈராண்டுக் கடுங்காவல் பெற்றார். உடலும் புகழும் நைந்து, 1900இல் பாரிசு நகரில் 46ஆம் வயதில் மறைந்தார்.

அதே பிரிவு 1952இல் ஆலன் டூரிங்கைத் தீண்டிற்று. இரண்டாம் உலகப்போரில் செருமானியரின் 'எனிக்மா' மறைகுறிகளை உடைக்க அரும்பணி ஆற்றியவர் அவர்; கணினியியலுக்கு அடித்தளம் இட்டவருள் முதல்வர். சிறைக்கு மாற்றாக இயக்குநீர் மருந்தை ஏற்குமாறு அவர் நெருக்கப்பட்டார். 1954இல் 41ஆம் வயதில் நச்சுண்டு இறந்துகிடந்தார். அரச மன்னிப்பு வந்ததோ 2013இல். புதைத்தபின் வழங்கும் மன்னிப்பால் பயன் யாருக்கு?

பெண்களின் நிலை வேறு. 1921இல் பெண்களுக்கும் இத்தண்டனையை விரிக்கும் முயற்சி மக்களவையில் நிறைவேறிப் பிரபுக்கள் அவையில் வீழ்ந்தது. இரக்கத்தால் அன்று, இப்படியொன்று உண்டெனப் பெண்கள் அறியவே கூடாது என்னும் அச்சத்தால். ஆடவர்க்குச் சிறை, பெண்டிர்க்கு மௌனம். இரண்டும் தண்டனையே.

இச்சட்டத்தின் சொற்களே 1938இல் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டத்தில் 377ஏ பிரிவாக நுழைந்தன. பொதுமக்கள் வாக்களித்து அமைத்த மன்றம் அன்று அங்கில்லை. இங்கிலாந்து 1967இல், 21 வயது நிரம்பிய ஆடவர் தனியிடத்தே கொள்ளும் உறவு குற்றமன்று என்று தன் விலங்கைத் தளர்த்தியது. சிங்கப்பூர் 2007இல் அதனை ஏட்டில் நிறுத்திக்கொண்டு, 2022இல்தான் நீக்கியது. 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் 377ஆம் பிரிவு வயதுவந்தோரின் மனமொத்த உறவைத் தொடாது என்று இந்திய உச்சநீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. மலேசியத் தண்டனைச் சட்டத்திலோ அக்காலத்து வேர்கொண்ட பிரிவுகள் இன்றும் நிலவுகின்றன.

"முன்னோரும் இவ்வுறவை ஏற்றிலரே" என்பார் உளர். முன்னோர் அனைவரும் ஏற்றனர் என்று நிறுவ வேண்டுவதில்லை. ஒன்றை ஏற்காமை வேறு. அதன்பொருட்டு ஒருவனைச் சிறையிலடைத்தல் வேறு. இச்சிறையை வகுத்தவர் முன்னோர் அல்லர், இலண்டன் மன்றத்தார். பண்பாட்டைக் காக்கப் புறப்பட்டவர் காப்பது லபூஷேரின் ஒரு வரியையே.

ஆசிரியப் பெருமக்கள் இங்குச் சிந்தித்தல் வேண்டும். வைல்டின் கதை வகுப்பில் சொல்லப்படுகின்றது. டூரிங்கின் பெயர் கணினிப் பாடத்தில் வருகின்றது. இருவரும் எவ்வாறு அழிக்கப்பட்டனர் என்னும்போது மட்டும் ஏடு மூடப்படுகின்றது. அறிவை வாங்கிக்கொண்டு அறிஞனின் துயரை மறைப்பது கல்வியாகாது. அவ்வகுப்பின் கடைசி வரிசையில் தன் இயல்பை எவரிடமும் சொல்லவியலாது குமையும் மாணவனோ மாணவியோ இருத்தல் கூடும். தன்னொத்தோரைப் பற்றி அப்பிள்ளை கேட்பது நண்பர்களின் ஏளனம் ஒன்றே என்றால், 1921இன் பிரபுக்கள் விரும்பிய மௌனத்தையே தமிழாசிரியரும் காக்கின்றார் என்பது பொருள்.

சட்டத்தை நீக்க நாடாளுமன்றம் வேண்டும். உண்மையைச் சொல்ல ஒரு கரும்பலகையும் சிறிது நெஞ்சுரமும் போதும்.